மூன்றாம் வரிசைக் கண்ணாடி

எழுந்தேன். கட்டிலில் ஒரு பாதியை மட்டும் சரிசெய்தேன். மறுபாதி கலைந்திருக்கவில்லை. பல் துலக்கினேன். சவரம் செய்தேன். தாடைக்குக் கீழே ஓரிடம் விட்டுப்போயிருந்தது. மறுபடி சோப்பு போட மனமில்லை. சட்டையை மாட்டிக்கொண்டேன். லக்ஸ் மீட்டரைப் பையில் வைத்தேன். ஓரிடத்தில் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்று சொல்லும் சின்னக் கருவி அது. ஜன்னல் திரையைப் பாதிவரை இழுத்துவிட்டு, மாடியிலிருந்து கீழே இறங்கினேன்.

அத்தை டீ போட்டு வைத்திருந்தார்.

"மாடித் திரையை என்னிக்குத்தான் முழுசாத் திறப்பீங்க மாப்ள? வெளிச்சம் வெளிச்சம்னு கிடந்தவ இருந்த ரூமு. குகை மாதிரி ஆயிடுச்சு."

"பாதி திறந்துதான் இருக்கு அத்தை."

"பாதி திறந்தா பாதி குகை."

டீ நன்றாக இருந்தது. சொன்னேன். அவர் டம்ளரை வாங்கிக் கழுவப் போய்விட்டார்.

வீட்டோட மாப்பிள்ளை என்று முன்பெல்லாம் என்னைக் கேலி செய்வார்கள். இப்போது செய்வதில்லை. பெண், என் மனைவி, போய்விட்டாள். மாப்பிள்ளை நான் மட்டும் மாடியில் இருக்கிறேன். என்னை இருக்கச் சொன்னவர்களும் இல்லை, போகச் சொன்னவர்களும் இல்லை. போன வாரம் வேறொரு ஊரிலிருந்து என்னை வேலைக்குக் கூப்பிட்டார்கள். அவர்களுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. வீட்டிலும் சொல்லவில்லை.

வாசலில் மச்சினன் வண்டியை உறுமவிட்டுக்கொண்டிருந்தான். அவளுடைய தம்பி. கட்டடங்களுக்குக் கண்ணாடி பொருத்துவது அவன் தொழில். மூக்கிலும் தடிமனாக ஒன்று போட்டிருப்பான். அதனால் வேலையிடத்தில் அவன் பெயர் 'கண்ணாடி'. வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது.

"அத்தான், தாடையில ஒரு தீவை விட்டுட்டீங்க."

"தெரியும்."

"தெரிஞ்சே விட்டீங்களா? சரி, ஏறுங்க."

பாதி வழியில், திரும்பிப் பார்க்காமல் கேட்டான்.

"நீங்க போயிடுவீங்களா அத்தான்?"

"எங்க?"

"சும்மா கேட்டேன்."

யாரோ அவனிடம் ஏதோ சொல்லியிருக்க வேண்டும்.

*

ஒரு பழைய நூற்பாலையைப் பொது நூலகமாக மாற்றுகிறோம். மாமனார் கூரைக் காண்ட்ராக்டர். கண்ணாடி பொருத்துவது மகன். வேலையை மேற்பார்ப்பது நான். கட்டடத்துக்குள் பகல் எப்படி வர வேண்டும் என்று கணக்குப் போட்டது அவள். நாலு பேரும் சேர்ந்து எடுத்த முதல் வேலை இது.

பக்கவாட்டில் நின்று பார்த்தால் அதன் கூரை ரம்பப் பல் மாதிரி தெரியும். நாலு மடிப்பு. ஒவ்வொரு மடிப்பிலும் வடக்கு பார்த்து ஒரு கண்ணாடி வரிசை. வடக்கு வெளிச்சத்தில் பெரும்பாலும் நேர் வெயில் கலக்காது. நூல் அறுந்தால் தெரியும், கண் கூசாது. அதற்காகவே அப்படிக் கட்டினார்கள். மூன்று வரிசைகளில் கண்ணாடிக்குப் பதிலாக, வெளிச்சத்தைப் பரப்பி இறக்கும் புதிய இரட்டைப் பலகைகளைப் பொருத்திவிட்டோம். மூன்றாவது வரிசையில் மட்டும் பழைய கண்ணாடியே இருக்கட்டும் என்று அவள் எல்லோரிடமும் சண்டை போட்டு ஜெயித்தாள்.

குளிர்காலத்தில் அவளுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. கூரை முடியவில்லை, அவள் முடிந்துபோனாள்.

மாமா படுத்துவிட்டார். காண்ட்ராக்டை விட்டுவிடுகிறேன் என்றார். அப்போதுதான் அத்தை சொன்னார், அவள் கடைசியாகப் பேசியது இதுதான் என்று: 'அப்பாகிட்ட சொல்லுங்க, மூணாவது வரிசையை யாரும் தொடக்கூடாது.' மறுநாள் மாமா எழுந்து குளித்துவிட்டு வேலைக்கு வந்தார். இன்றுவரை அந்த ஒரு வரிதான் அவரை நடத்துகிறது.

இப்போது கோடை. மூன்றாவது வரிசை வழியாக வெயில் உள்ளே வருகிறது.

*

நூலகர் எங்களுக்கு முன்னாலேயே வந்திருந்தார். கூடத்தின் நடுவில் இடுப்பில் கை வைத்து நின்றார். அவர் கையில் ஒரு சிவப்புக் காகிதம்.

"இன்ஜினீயர் சார், இதைப் பாருங்க. போன தடவை வந்தப்போ இந்த மேஜை மேல வெச்சுட்டுப் போனேன். மேல ஒரு ஸ்கேல் வெச்சேன்."

காகிதம் வெளிறியிருந்தது. ஸ்கேல் இருந்த இடம் மட்டும் பட்டையாகச் சிவப்பு.

"புத்தகம் இருந்திருந்தா அட்டை போயிருக்கும். படிக்கிறவன் இருந்திருந்தா கண்ணு போயிருக்கும். நூலகம் கட்டித் தாங்கன்னா துணி காயப்போடற இடம் கட்டியிருக்கீங்க."

"வருஷத்துல கொஞ்ச வாரம்தான் மேடம். கோடையில சூரியன் வடக்கே ஒதுங்கி மறையும். அப்ப மட்டும் உள்ள வரும்."

"அடுத்த வருஷம்?"

"வரும்."

"அதுக்கடுத்த வருஷம்?"

"வரும்."

"அப்ப கொஞ்ச வாரம்னு சொல்லாதீங்க. ஆயுசுக்கும்னு சொல்லுங்க." அவர் மாமாவைப் பார்த்தார். "பெரியவரே, அந்த வரிசையைத் தகரம் போட்டு அடைச்சிடுங்க. சாயங்காலத்துக்குள்ள முடிவு சொல்லுங்க. இல்லேன்னா நானே மேலிடத்துக்கு எழுதி ஆள் விட்டு அடைச்சுக்கறேன்."

மாமா இரும்புத் தூணில் கை ஊன்றி நின்றார். "தகரமா? பழைய கட்டடத்தோட கண்ணை நோண்டச் சொல்றீங்க."

"கண்ணு கூசுதுங்கறேன், நீங்க கண்ணை நோண்டறேங்கறீங்க."

"அந்த வரிசையை யாரும் தொடமாட்டாங்க. அது என் பொண்ணு கடைசியாச் சொன்ன வார்த்தை."

அந்த வார்த்தைக்கு எதிராக யார் என்ன சொல்ல முடியும்? நூலகர் குரலை இறக்கிக்கொண்டு, "சாயங்காலம் வர்றேன். வெயில் வர்ற நேரத்துக்கே வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாமா என்னிடம் திரும்பினார்.

"நீங்க என்ன சொல்றீங்க மாப்ள?"

"பார்க்கலாம் மாமா."

"எதைக் கேட்டாலும் பார்க்கலாம். கூரை ஏறிக் கோழி பிடிக்கச் சொன்னாலும் பார்க்கலாம்னுதான் சொல்வீங்க."

அவர் சிரிக்க முயன்றார். நானும் முயன்றேன். இருவருக்கும் வரவில்லை.

*

மதியம் தாண்டியதும் பூச்சு வேலை செய்யும் பெண்கள் தெற்குச் சுவரோரத்திலிருந்து சாமான்களை ஒதுக்கத் தொடங்கினார்கள். இந்தச் சில வாரங்களாக நடப்பதுதான். யாரும் சொல்லவில்லை, அவர்களாகவே செய்கிறார்கள்.

"எடு எடு, அக்கா வர்ற வழி."

"வழியில உக்காந்தா என்ன பண்ணிடுவாங்களாம்?"

"உசுரோட இருந்தப்பவே வழியில நின்னா விட்டாங்களா? 'வெளிச்சத்தை மறைக்காதே, தள்ளி நில்லு'ன்னு ஒரு சத்தம் போடுவாங்களே. மறந்துட்டியா?"

"அய்யோ, மறப்பேனா? ஒருநாள் சட்டியோட தள்ளிவிட்டாங்க."

சிரித்தார்கள். என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள்.

அது வந்தது.

முதலில் தெற்குச் சுவர் முழுக்க வெயில் பட்டைகள் விழும். வெயில் சாயச் சாய, முன்மடிப்பின் நிழல் அவற்றை ஒவ்வொன்றாகத் தின்னும். கடைசியில் ஒரே ஒரு பட்டை மிஞ்சும். ஆள் உயரம், ஆள் அகலம். அது சுவரைவிட்டுத் தரையில் இறங்காமல், மெதுவாகப் பக்கவாட்டில் நகரும். நகர்ந்து சுவரோரத் தூண் ஒன்றுக்கு வரும். அந்தத் தூணடியில்தான் அவள் ஒரு மர ஸ்டூலைப் போட்டுக்கொண்டு மீட்டரும் கையுமாக உட்கார்ந்திருப்பாள். ஸ்டூல் இன்னும் அங்கேயே இருக்கிறது. யாரும் எடுக்கவில்லை.

பட்டை தூணில் ஏறி, கொஞ்ச நேரம் நின்று, அணையும்.

எனக்குப் பேய் நம்பிக்கை கிடையாது. பூமி சாய்ந்து சுற்றுகிறது, அவ்வளவுதான். ஆனாலும் அந்த நேரத்துக்கு நான் எங்கேயிருந்தாலும் இங்கே வந்துவிடுகிறேன். மீட்டரைக் கையில் வைத்துக்கொள்கிறேன், அளக்க வந்தவன் மாதிரி தெரிய வேண்டுமல்லவா. பட்டை கடந்து போகும்போது நான் விலகி வழி விடுகிறேன்.

தகரம் அடித்தால் இது வராது. காலையில் நூலகர் சொன்னதும் எனக்கு முதலில் தோன்றியது அதுதான். புத்தகமும் தோன்றவில்லை, மாமாவும் தோன்றவில்லை.

இன்று ஏதாவது செய்ய வேண்டும் என்பதற்காக, மீட்டரை நீட்டிக்கொண்டு சுவரோரமாக நடந்தேன். பட்டைகளுக்குள் எண் எகிறியது. இரண்டு பட்டைகளுக்கு இடையில் விழுந்தது. எகிறியது, விழுந்தது. கூடத்தின் மூலைக்கு வந்தபோது எகிறவும் இல்லை, விழவும் இல்லை. அங்கே வெளிச்சம் பரவி நின்றது. பால் மாதிரி.

அந்த எண் எனக்குத் தெரிந்த எண். போன கோடையில் இதே கூடத்தில் நான் மீட்டரைப் பார்த்துச் சொல்ல, அவள் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்ட எண்களில் ஒன்று. அன்று எல்லா இடத்திலும் ஏறக்குறைய அதுவேதான் வந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். மூன்றாவது வரிசையின் கடைசிக் கண்ணாடி ஒரு குழாய்க்குப் பின்னால் பாதி மறைந்திருந்தது. அது மட்டும் வெள்ளையாக இருந்தது.

*

சாரத்தில் ஏறினேன். கண்ணாடி ஏற்கெனவே மேலே இருந்தான், ஒரு சட்டத்துக்குப் பட்டி வைத்துக்கொண்டிருந்தான்.

"இதை மட்டும் ஏன் விட்டே?"

"குழாய் இடிக்குது அத்தான். கை போகல. உங்க தாடையில தீவு மாதிரின்னு வெச்சுக்கங்க." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏன்? அழுக்காத் தெரியுதா கீழேயிருந்து? குழாயைக் கழட்டிட்டு அதையும் எடுத்துடறேன்" என்றான்.

மற்ற கண்ணாடிகளை அவன் எப்படி எடுத்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். அவள் போன பிறகு அவனுக்குத் தூக்கம் இல்லை. ஒவ்வொன்றாகக் கழற்றி, வினிகரில் ஊறவைத்து, பிளேடால் சுரண்டி, துணியால் துடைத்து, திரும்ப மாட்டினான். அக்காவோட வரிசை, பளிங்கு மாதிரி இருக்கணும் என்றான். இருந்தது. வந்தவர்கள் எல்லோரும் நின்று பார்த்தார்கள்.

"வினிகர் இருக்கா?"

கொடுத்தான். வெள்ளைப் படிவின் மேல் ஒரு சொட்டு விட்டேன். நுரைத்தது. நகத்தால் ஓரத்தைப் பெயர்த்தேன். வெங்காயச் சருகு மாதிரி அடுக்கடுக்காக வந்தது.

"அழுக்கு நுரைக்குமா?" என்று கேட்டேன்.

அவன் மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு குனிந்து பார்த்தான்.

"சுண்ணாம்பு" என்றான்.

"மில் ஓடின காலத்துல ஒவ்வொரு கோடைக்கும் அடிச்சிருக்காங்க. நூல் பார்க்கறவங்களுக்குக் கண் கூசியிருக்கும். மழை வந்து கழுவிட்டுப் போகும். கொஞ்சம் ஒட்டிக்கிட்டு நிக்கும். அடுத்த கோடைக்கு மறுபடி அது மேலயே" என்றேன்.

"இது வெளிப்பக்கத்துல மட்டும்தான் இருந்துச்சு" என்றான் மெதுவாக. "எல்லாக் கண்ணாடியிலயும் வெளிப்பக்கம் மட்டும். அப்பவே யோசிச்சிருக்கணும்."

"அவ அளந்தப்போ எல்லாம் இப்படித்தான் இருந்துச்சு. இதோட சேர்த்துத்தான் அவ கணக்குப் போட்டா."

கண்ணாடி சாரப்பலகையில் உட்கார்ந்துவிட்டான். கீழே சுவரில் பட்டைகள் குறைந்துகொண்டிருந்தன.

"வெளுத்ததெல்லாம் பாலுன்னு நம்பாதேம்பாங்க. நான் வெளுத்ததெல்லாம் அழுக்குன்னு நம்பிட்டேன். அக்கா கணக்கைச் சுரண்டி எடுத்துட்டேன் அத்தான்."

அவன் தோளில் கை வைக்கலாமா என்று யோசித்தேன். கையில் வினிகர்ப் புட்டி இருந்தது.

"திரும்ப அடிச்சிடலாம்" என்றேன். "மெல்லிசா. தகரம் வேண்டாம். வெயில் உறைக்கிற பாகத்துக்கு மட்டும் அடிச்சாப் போதும். மழை வந்தா கழுவிட்டுப் போகட்டும். அந்தம்மா ஒத்துக்குவாங்க."

அவன் தலையை ஆட்டினான். "தொடக்கூடாது. அக்கா சொல்லியிருக்கா."

"நீ தொட்டியே."

"துடைச்சேன். துடைக்கிறது தொடறதாகாது."

"அப்ப சுண்ணாம்பு அடிக்கிறது?"

"அது... அது அப்பாவைக் கேக்கணும்."

*

மாமாவைக் கேட்டோம். நுரைத்ததைக் காட்டினோம். சருகைக் கையில் வைத்துப் பார்த்தார், முகர்ந்தார். நூலகரும் வந்துவிட்டார். அவர் முதல் தடவையாகத் தலையசைத்தார்.

"சுண்ணாம்புன்னா எனக்குச் சம்மதம். வருஷா வருஷம் அடிக்க நான் ஆள் வெச்சுக்கறேன்."

"எனக்குச் சம்மதமில்லை" என்றார் மாமா.

"அப்பா, தப்பு என்னோடது. நான் சுரண்டினதை நானே..."

"நீ சுரண்டினது வேற. அவ வார்த்தை வேற. அவ தொடாதேன்னா தொடக்கூடாது. தகரமும் கிடையாது, சுண்ணாம்பும் கிடையாது."

"அப்ப நான் மேலிடத்துக்கு எழுத வேண்டியதுதான்" என்றார் நூலகர்.

"எழுதுங்க. அதுக்கு முன்னாடி பெத்தவ வாயாலயே கேட்டுக்கங்க. வரச் சொல்லியிருக்கேன்."

ஆட்டோ வந்து நின்ற சத்தம் கேட்டது. அத்தை உள்ளே வந்தார். அவள் போன பிறகு அத்தை இந்தக் கட்டடத்துக்குள் கால் வைத்தது இன்றுதான். பூச்சுவேலைப் பெண்கள் எதிர்ச்சுவரோரம் ஒதுங்கி நின்றார்கள். கூடத்தில் ஒரே ஒரு பட்டைதான் மிஞ்சியிருந்தது. அது சுவரில் நகர்ந்துகொண்டிருந்தது.

அத்தை அதைப் பார்த்தார். பிறகு ஸ்டூலைப் பார்த்தார். யாரும் அவருக்கு எதையும் விளக்கவில்லை. முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

"சொல்லு" என்றார் மாமா. "இந்தம்மாகிட்ட நீயே சொல்லு. நம்ம பொண்ணு கடைசியா என்ன சொன்னா?"

அத்தை என்னைப் பார்த்தார்.

குளிர்காலத்திலிருந்து நான் இதைப் பற்றி எதுவும் சொன்னதில்லை. யாரும் என்னிடம் கேட்கவும் இல்லை.

"நான் வெந்நீர் வாங்கக் கீழே போயிருந்தேன்" என்றார் அத்தை.

"என்ன?"

"பிளாஸ்க்கை எடுத்துட்டுக் கேன்டீனுக்குப் போனேன். திரும்பி வந்தப்போ முடிஞ்சிருந்துச்சு."

மாமாவின் கை தூணைத் தேடியது. "அப்ப தொடாதேன்னு சொன்னது?"

"நீங்க சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தீங்க. சோறு தண்ணி இல்லை. ஒருத்தியைக் கொடுத்தாச்சு, ரெண்டாவதா உங்களையும் கொடுக்கச் சொல்றீங்களா? எழுப்பணும்ல. எதைச் சொன்னா எழுந்திருப்பீங்களோ அதைச் சொன்னேன்."

நூலகர் தன் கைப்பையின் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தான், மாட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டான்.

மாமா என் பக்கம் திரும்பினார். அவர் குரல் கூரைக் காண்ட்ராக்டருடைய குரலாக இல்லை.

"மாப்ள. அப்ப ரூம்ல இருந்தது நீங்கதான்."

"ஆமா மாமா."

"ஏதாவது பேசினாளா?"

"பேசினா."

"என்னைப் பத்தியா?"

"இல்லை."

"இந்த வேலையைப் பத்தி?"

நான் சுவரைப் பார்த்தேன். பட்டை தூணுக்கு வந்துவிட்டது. ஸ்டூலின் ஒரு கால் பளீரென்றது.

ஆஸ்பத்திரி அறையின் ஜன்னல் மேற்கு பார்த்தது. சாயங்காலம். வெயில் கட்டில்வரை வந்திருந்தது. அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தாள். வெளிச்சத்துக்கு அவள் முதுகைக் காட்டி நான் பார்த்தது அன்று மட்டும்தான். ஜுரத்தில் உதடு காய்ந்திருந்தது. என்னைக் கூப்பிட்டாள். குனிந்தேன். அது பெரிய விஷயம் எதுவும் இல்லை. வீட்டில் தினமும் சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

"திரையைக் கொஞ்சம் இழுத்து விடச் சொன்னா மாமா. கண்ணு கூசுதுன்னா."

மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவளுக்கா? கண்ணு கூசுதுன்னா?"

"ஆமா."

"அவ்வளவுதானா?"

"எழுந்து போய் இழுத்தேன். திரை பாதி வந்ததும் நிறுத்தச் சொன்னா."

"என்னன்னு சொன்னா? அவ சொன்ன மாதிரியே சொல்லுங்க."

சொன்னேன்.

"போதும், முழுசா மூடாத."